எம்மெ ஆறும் சூசை அண்ணையின் நேர்த்தியும்

எம்மெ ஆற்றுக்குள் கால் வைத்தால் முதலில் குளிர் தெரியாது. வலிதான் தெரியும். ரப்பர் சப்பாத்தையும் இரண்டு சோடிக் காலுறையையும் தாண்டி எலும்புக்குள் இறங்கும் ஒரு வலி. கொஞ்ச நேரத்தில் கால் இருக்கிறதா என்பதே மறந்துபோகும்...

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பேர்ண் நகரில் ஒரு ஹோட்டல் குசினியில் நாங்கள் மூன்று பேர். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்துவிட்டு வந்து கோப்பை கழுவிய நான். மன்னாரில் சொந்த வள்ளத்தில் கடலுக்குப் போய்வந்த சூசை அண்ணை. இங்கே அவர் மரக்கறி வெட்டினார். மூன்றாவது ஆள் ஜப்பான்காரச் சமையற்காரர் கென்ஜி.

திங்கட்கிழமைகளில் ஹோட்டலுக்கு விடுமுறை. கென்ஜி எங்களை ஆற்றுக்குக் கூட்டிப்போவார், ட்ரவுட் மீன் பிடிக்க.

அவருடைய ஊர் முறைக்குத் தென்காரா என்று பெயர். நீளமான மெல்லிய தடி. நூல் சுற்றுகிற ரீல் கிடையாது. தடி நுனியில் கட்டிய ஒரே நூல், அதன் முனையில் இறகு சுற்றிய சின்னக் கொக்கி. பூச்சிதான் விழுந்துவிட்டது என்று மீன் நம்பவேண்டும், அவ்வளவுதான். கரும்பலகையும் ஒரு துண்டு வெண்கட்டியும் மட்டும் வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல்நாள் சூசை அண்ணை தடியை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"இரை வைக்காமல் மீனை ஏமாத்திறதோ? எங்கட கடலிலை இப்பிடிச் செய்தால் மீன் எழும்பி வந்து கேள்வி கேக்கும், மாஸ்ரர்."

கென்ஜிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தார்.

அந்த வருடம் தை மாதம், அண்ணையின் மனைவி ரெஜினாவும் எட்டு வயது மகளும் மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகு ஏறினார்கள். ஏறினார்கள் என்பதுவரைதான் தெரியும். இறங்கினார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

வெளிக்கிடச் சொன்னது அண்ணைதான். வாடைக்காற்றுக் காலத்தில் அந்தக் கடல் எப்படி இருக்கும் என்பதும் எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் தெரியும்.

மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தார். இரண்டு பேரும் வந்து சேரும்வரை மீன் வாயில் வைப்பதில்லை. மீன் இல்லாமல் ஒருநாளும் சோறு தின்றறியாத மனிதர் அவர்.

பிறகு ஏன் மீன் பிடிக்க வருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"கை சும்மா இருந்தால் தலை வேலை செய்யுது, மாஸ்ரர்."

ஆரம்பத்தில் பிடித்ததைத் திரும்ப ஆற்றிலேயே விட்டார். ஒருநாள் ஆற்றுக் காவலர் அதைக் கண்டுவிட்டார். கோபப்படவில்லை. அளவான மீன் என்றால் கொண்டுபோய்ச் சாப்பிடவேண்டும், கொக்கியில் வதைத்துவிட்டு விளையாட்டுக்கு விடக்கூடாது என்று மெதுவாகச் சொன்னார். நேர்த்தி என்றால் என்ன என்று டொச்சில், இந்த ஊர் ஜெர்மன் மொழியில், விளங்கப்படுத்த எனக்கு வரவில்லை. பத்து வருடம் வகுப்பில் விளங்கப்படுத்தியே பிழைத்தவன் நான்...

காவலர் விடக்கூடாது என்கிறார். மாதாவுக்குச் சொன்ன சொல் உண்ணக்கூடாது என்கிறது. நடுவில் என் வாய்தான் இருந்தது.

அன்றிலிருந்து அண்ணை பிடித்த மீன் எனக்கு. கென்ஜி அதைக் குச்சியில் கோத்து, உப்புத் தடவி, கரையில் தணல் மூட்டிச் சுட்டுத் தருவார். அண்ணை எதிரே கல்லில் இருந்து பாணும் சீஸும் தின்பார். நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"எப்பிடி?"

நல்லாயிருக்கு என்பேன்.

"பொய் சொல்லாதேங்கோ. உப்பில்லாத தண்ணியிலை வளந்ததுக்கு என்ன ருசி? அவள் வரட்டும். ஒரு புளிக்குழம்பு வைக்கச் சொல்லுறன், அப்ப தெரியும்."

அவள் வரட்டும்... ஒவ்வொரு திங்களும் அந்தச் சொல் இருந்தது. அது இருக்கும்வரை எனக்குப் பயமில்லை.

அடுத்த வருடமும் ஆற்றுக்குப் போனோம். இந்தியாவில் இருக்கிற முகாம்களுக்கெல்லாம் அண்ணை ஆள் வைத்து விசாரித்திருந்தார். அந்தப் பெயர்களில் எங்கும் யாரும் இல்லை. கோடை முடியும்போது ருசி கேட்பதை நிறுத்திவிட்டார். நானாகவே நல்லாயிருக்கு அண்ணை என்று சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டினார்.

புரட்டாதிக் கடைசி. அதோடு அந்த வருடத்து மீன்பிடி முடிகிறது. மலையில் ஏற்கெனவே பனி. அன்றைக்கு இரண்டு மீன் அகப்பட்டன, இரண்டும் அண்ணையின் தடியில்தான். கென்ஜி வழமைபோலச் சுட்டு, முதல் குச்சியை என்னிடம் நீட்டினார்.

அண்ணை கையை நீட்டினார்.

எனக்கும் ஒன்று தா என்று கேட்டார். என்னைப் பாராமல், கென்ஜியைப் பார்த்து, டொச்சில். அந்தச் சொல்லைத் தமிழில் சொல்ல அவரால் முடியவில்லை என்று நினைக்கிறேன்.

கென்ஜிக்கு நேர்த்தியைப் பற்றி அரைகுறையாகத் தெரியும். என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். கொடுத்தார்.

அண்ணை தோலை உரித்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, சின்னப் பிள்ளைக்கு ஊட்டப்போகிறவர் மாதிரிச் சதையைத் தனியாகச் சேர்த்து வைத்தார். பிறகு தானே தின்றார். முழுவதையும் தின்றார். என் மீன் குச்சியிலேயே இருந்தது.

அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"சாப்பிடுங்கோ, மாஸ்ரர். ஆறினால் மீன் வெடுக்கு மணக்கும்."

அதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் நடந்த செத்தவீடு. ஒப்பாரி இல்லை, பெட்டி இல்லை, பூசை இல்லை...

கென்ஜி பிறகு ஊருக்குத் திரும்பிவிட்டார். இப்போது இந்த நாட்டுப் பெடியள் தென்காராத் தடியை ஒன்லைனில் வாங்கிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறார்கள். கோடையில் எம்மெ வற்றி, வெதுவெதுப்பாகக் கிடக்கிறது. ட்ரவுட் அகப்படுவதே அருமை என்கிறார்கள். என் மகள் லோசானுக்கு ரெயின் ஏறினாலும் இறங்கியவுடன் போனில் ஒரு சொல் வருகிறது: "சேந்திட்டன்." அந்த ஒரு சொல்லுக்காக ஒரு மனிதர் இரண்டு வருடம் ஆற்றில் நின்றார் என்று அவளுக்கு நான் சொன்னதில்லை.

சூசை அண்ணை இங்கேதான், இரண்டு பஸ் தரிப்பிடம் தள்ளி இருக்கிறார். கார்த்திகையில் கத்தோலிக்கக் கோயிலில் இறந்தவர்களுக்கான பூசை நடக்கும். முன்கூட்டியே கொடுத்த பெயர்களைச் சுவாமியார் ஒவ்வொன்றாக வாசிப்பார். நான் சைவ சமயக்காரன், ஆனாலும் வருடாவருடம் அண்ணைக்குத் துணையாகப் போய்ப் பக்கத்தில் இருக்கிறேன். அண்ணை தன் தாய் பெயர் கொடுப்பார், தகப்பன் பெயர் கொடுப்பார்.

மற்ற இரண்டு பெயர்களையும் இன்னும் கொடுக்கவில்லை.