பாதிக் குழி

சித்தன்னவாசல் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர் ரோடு, புதுக்கோட்டை போகும் பெரிய ரோட்டில் சேருகிற இடத்தில் ஒரு குழி இருந்தது. நான் நான்காம் வகுப்பு படிக்கையில் அம்மா மொபெட்டோடு அதில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு டவுனில் ஜவுளிக்கடை வேலை. கடை திறக்கும் நேரத்துக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ் கிடையாது. வண்டி ஓட்டினால்தான் வேலை. இரண்டு மாதம் பொறுப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

கட்டுப் போட்ட கையோடு அம்மா மனு கொடுக்கக் கிளம்பினாள். துணைக்கு நான்.

“இது எங்க லிமிட்ல வராதும்மா. ஹைவேஸ்ல போயிக் கேளுங்க” என்றார்கள் ஒன்றிய அலுவலகத்தில். நெடுஞ்சாலை அலுவலகத்திலோ, “எங்க லிமிட்லயும் வராதே, யூனியன்ல கேளுங்க” என்றார்கள்.

தாரும் ஜல்லியும் ஏற்றி வரும் லாரிக்குத்தான் லிமிட் என்று பெயர் போலும் என்று நினைத்துக்கொண்டேன். “லிமிட்ல வராட்டி மாமா டிராக்டர்ல வரச் சொல்லுவமாம்மா?” என்று கேட்டேன். அவ்வளவு வலியிலும் அம்மா சிரித்துவிட்டாள். ரோடு எல்லாருக்கும் சொந்தம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். இங்கே ஆளாளுக்கு எனக்கில்லை என்கிறார்களே என்று ஒன்றும் புரியவில்லை.

மூன்றாவது மனு கலெக்டர் ஆபீசுக்குப் போனது. இரண்டு தரப்பும் டேப்போடு வந்து, குழியின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். நெடுஞ்சாலைக்காரர்கள் கோடு வரைக்கும் தார் போட்டு, அல்வாத் துண்டு மாதிரி நறுக்கென்று நிறுத்திவிட்டுப் போனார்கள். மீதிப் பாதிக்கு யூனியன் எஸ்டிமேட் போட வேண்டுமாம்.

“முன்ன குழி மட்டுந்தான்க்கா இருந்துச்சு, இப்ப படியும் கட்டிக் குடுத்துட்டாங்க” என்றாள் சித்தி.

அம்மாவுக்குக் கட்டுப் பிரித்த வாரம் மறுபாதியும் மூடப்பட்டது. நான் ஓடிவந்து சொல்லிவிட்டு, வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தினேன். அம்மா கைப்பிடியைப் பிடித்தாள், விட்டாள். “நாளைக்குப் பாப்பம் ஆத்தா.”

மறுநாளும் அதேதான். கடைக்காரர் சொன்ன இரண்டு மாதமும் முடிந்து, கடையில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. ரோடும் சரியாகிவிட்டது, கையும் கூடிவிட்டது, இன்னும் என்ன?

கைப்பிடியைப் பிடித்தபோது அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன். ஒடிந்தது இடது கை. நடுங்கியது வலது கை. டாக்டர் கை மாற்றிக் கட்டுப் போட்டுவிட்டாரோ என்று வெகுநாள் குழம்பிக்கொண்டிருந்தேன்.