ஒரே படிப்புக்கு இருவர் கேட்ட சீட்டு

அன்று டீச்சரம்மா வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: சாந்தோமில் எங்கள் சர்ச் பங்கில் சீட்டு நடத்திவந்த டீச்சரம்மா, நொச்சிக்குப்பத்து மீன்காரம்மா, தியாகராய நகரிலிருந்து வந்திருந்த மச்சான், அதாவது என் அக்கா வீட்டுக்காரர், என் தம்பி, நான். சீட்டில் மொத்தம் இருபது பேர். மற்றவர்கள் பூசை முடிந்த கையோடு அவரவர் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஏலத்துக்கு உட்காருவது பணம் வேண்டியவர்களும் வேடிக்கை பார்ப்பவர்களும்தான். மீன்காரம்மா வேடிக்கைக் கட்சி.

எனக்குப் பணம் வேண்டியிருந்தது. தம்பி இண்டர்மீடியட் தேறியிருந்தான். இரண்டு இடங்களில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. ஒன்று இங்கேயே, டிராமில் போய் வந்துவிடலாம், பி.ஏ. எகனாமிக்ஸ். மற்றது பம்பாயில் பி.காம். நான் பள்ளியில் மூன்றாவது பாரத்தோடு நின்றவன். அப்பா போனதும் மயிலாப்பூரில் மருந்துக்கடையில் பொட்டலம் கட்டப் போய்விட்டேன். அந்த இரண்டு படிப்புக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியாது. ஒன்று சாயங்காலம் வீடு திரும்புகிற படிப்பு, மற்றது திரும்பாத படிப்பு, அவ்வளவுதான். பம்பாய் என்றாலே எனக்கு ஓயாத மழை, பிளேக், கூட்டத்தில் காணாமல் போகும் டிரங்குப் பெட்டி. இங்கே சேர்க்க நூறு ரூபாய் போதும். பம்பாய்க்கு ரயில், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து நூற்றைம்பது இல்லாமல் முடியாது. சீட்டை எடுத்து இங்கே சம்பளம் கட்டிவிடுவது என்று இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சீட்டில் அது வழக்கம். இருநூறு ரூபாயில் யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்குத்தான் மீதிப் பணம். தள்ளியதை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒருவனுக்கு அவசரம் என்று தெரிந்தால் சும்மா இருப்பவனும் ஏற்றிவிடுவான். அதனால் வீட்டுக்குள்கூட வாய் திறப்பதில்லை.

"இருவது," என்றேன்.

"முப்பது," என்றார் மச்சான்.

மச்சான் கடற்கரைப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மேலே உட்கார்ந்திருப்பவனெல்லாம் காமர்ஸ் படித்தவன் என்று வாரந்தவறாமல் சொல்வார். தம்பியைப் பம்பாய்க்கு ஏற்றிவிடத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நாற்பது என்றேன். அவர் ஐம்பது. நான் மூச்சு விடாமல் அறுபது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அறுபத்தைந்து என்றார்.

"எழுபது!"

"உட்டுடு டீச்சரம்மா, இந்த நைனாவுக்கு வேர்த்துப் போச்சு," என்றாள் மீன்காரம்மா. "ஒரே ஊட்டு ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் தள்ளிக்கினு கீறாங்க. எனக்கின்னா, உக்காந்த எடத்துல மூணரை ரூபா!"

மச்சான் விட்டுவிட்டார். "இன்னாடா அவ்ளோ அவசரம்?"

"தம்பிக்கு ஃபீஸ் கட்ட."

"அட பாவி! நானும் அதுக்குத்தான்டா கேட்டேன். உங்கிட்ட காசு இருக்காதேன்னு."

"நீங்க பம்பாய்க்கு இல்ல கேட்டீங்க?"

"எந்த ஊருன்னு படிக்கப் போறவன கேட்டியா நீ? நானும் கேக்கல. பணம் வந்தாப்புறம் கேக்கலாம்னு இருந்தேன்."

டீச்சரம்மா பணத்தை எண்ணுவதை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "நீதான் சொல்லேன்ப்பா."

தம்பி சுவரைப் பார்த்தபடி சொன்னான். "இங்க படிச்சா அண்ணன் சொல்ற மாதிரி ஏதாவது ஆபீஸ்ல குமாஸ்தாவா சேரலாம். அங்க படிச்சா ஆடிட்டர்கிட்ட வேலை கத்துக்கலாம், பேங்க்குக்குப் போலாம். எனக்கு அங்கதான் ஆசை. ஆனா நான் போய்ட்டா அண்ணன் தூங்க மாட்டாரு."

"நீ இங்க இருந்தா மட்டும் தூங்குறாரா?" என்றாள் மீன்காரம்மா. "விடிகாலைல கூடைய தூக்கிக்கினு வரேன், நைனா தெருவுல நின்னுக்கினு கெணத்துல தண்ணி கொறஞ்சிடுச்சான்னு என்னக் கேக்குது."

மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். டீச்சரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை. அவன் பக்கத்து அறையில் படுத்திருந்தபோதும் மூச்சு வருகிறதா என்று எழுந்துபோய்ப் பார்த்தவன் நான். எந்த ஊரில் சேர்த்தாலும் என் கவலை குறையப் போவதில்லை. படிப்பாவது அவன் கேட்டதாக இருக்கட்டும் என்று தோன்றியது.

"பம்பாய்க்கே எழுதிப் போடு," என்றேன். "வாரம் ஒரு கார்டு போடணும். பெட்டிய கால்ல கட்டிக்கினு தூங்கணும்."

கையில் வந்தது நூற்று முப்பது. நாங்கள் இருவரும் போட்டி போடாமல் இருந்திருந்தால் பம்பாய்க்குத் தாராளமாகப் போதும் என்று மச்சான் படி இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு குறைந்த இருபதை அவரே எடுத்துக் கொடுத்தார்.

சென்ட்ரலில் அவனை வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது டிராமில் கணக்குப் போட்டேன். சீட்டு முடிய இன்னும் பதினான்கு தவணை, மாதம் பத்து ரூபாய். மச்சானுக்கு இருபது. தள்ளுபடியில் திரும்பி வருவதைச் சேர்க்காமல் நான் கட்டவேண்டிய பாக்கி நூற்று அறுபது ரூபாய்.