சின்னப் பூநாரை

சிபானாவுக்குக் கல்முனையில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் உதவியாளர் வேலை. மாரி தொடங்கினால் சனிக்கிழமை விடியலில் சதுப்புநிலப் பூங்காவில் நிற்பாள், குளிருக்குத் தப்பி வடக்கிலிருந்து வரும் பறவைகளைப் பார்க்க.

"கிழமையெல்லாம் மனிசர்ர வாய், சனிக்கிழமை கொக்குட வாய்" என்று கணவன் பர்ஸான் தன் இரும்புக்கடையில் சொல்லிச் சிரிப்பான்.

போன கிழமை பூநாரைக் கூட்டத்துக்குள் அவள் ஒன்றைக் கண்டாள். மற்றவற்றைவிடக் குள்ளம். அலகில் நுனி மட்டுமல்ல, முழுவதுமே கறுத்த சிவப்பு. சின்னப் பூநாரை! இந்தப் பக்கம் அதை யாரும் கண்டதாகச் சொன்னதில்லை. போனில் எடுத்த படத்தில் மழைதான் இருந்தது.

"இன்னொரு ஆளும் கண்டாத்தான் அறிக்கையில போடலாம் அக்கா" என்றார், பறவை பார்க்கும் குழுவை நடத்துகிற பாண்டிருப்புச் சசிகரன் சேர். அன்றிலிருந்து அவளுக்கு நித்திரையில்லை. அந்தப் பதிவு அவள் பெயரில் வரவேண்டும். ஆனால் கண்டது கண்டதுதானா, ஆசையா?

இந்தச் சனிக்கிழமை பர்ஸானும் வந்தான். கடையில் அந்தப் பறவையைச் சொல்லிப் பெருமையடித்துவிட்டுக் கூட்டாளிமாரின் பகிடி தாங்காமல் வந்தவன்.

தூறல் விழுந்தது. தொலைநோக்கியில் குனிந்திருந்த சசிகரன் கையைக் காட்டினார். "அக்கா, உங்கட ஆள் வந்திட்டார்!"

குழுவில் வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பார்த்துத் தலையாட்டினார்கள். பர்ஸான் படமெடுக்கப் போனைத் தூக்கிவிட்டான்.

சிபானா தொலைநோக்கியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். குள்ளம்தான். அலகும் மங்கல்தான். ஆனால் இறகு சாம்பல். அது தலையைத் திருப்பும்வரை கண்ணை எடுக்கவில்லை. நுனி மட்டும்தான் கறுப்பு.

"இல்ல சேர். இது பெரிய பூநாரைட குஞ்சு. இன்னும் நிறம் வரல்ல."

பர்ஸான் காதோடு சொன்னான். "ஓமெண்டு சொல்லன். ஆரு கேக்கப்போறா?"

"நான் கேப்பன்."

சசிகரன் மறுபடி பார்த்தார். "ஓம், குஞ்சுதான். நான் அவசரப்பட்டுட்டன். அப்ப உங்கட பறவை இந்த முறை அறிக்கையில வராது அக்கா."

"வராட்டிப் போகுது சேர்."

அவர் தொலைநோக்கியை விட்டு நகர்ந்தார். "மிச்சத்தை நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் எழுதுறன்."

அவள் நிமிரவேயில்லை. ஊசிவால் தாரா, உள்ளான், ஆலா என்று சொல்லிக்கொண்டே போனாள்.

திரும்பும் வழியில் சந்தைச் சந்தியில் ஒரு கூட்டாளி மோட்டார் சைக்கிளை மறித்தான். "என்னடா, குருவி வந்துதா?"

"வரல்ல. வேறொண்டக் காட்டி அதான் எண்டாங்க, சேர் கூட. இவ இல்லையெண்டுட்டா."

"அப்ப தோத்துட்டாய்."

பர்ஸான் பின்னால் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தான். "நீ கேட்டிருக்கணும்டா, இவ 'இல்ல' எண்டு சொன்ன சொல்ல."