குளத்துக்காரரின் போர்வை

எந்த வாசலைக் கண்டாலும் குளத்துக்காரர் ஒரு நொடி நின்று, கால்களை அகட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டுகிறார். அணுமின் நிலையத்தை விட்டு வெளியே வருகிறவர்கள், உடம்பில் கதிர்வீச்சுத் தூசி ஒட்டியிருக்கிறதா என்று சோதிக்கும் இயந்திரத்தின் முன் அப்படித்தான் நிற்க வேண்டும். அந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒருநாள் வங்கி வாசலில் இப்படி நிற்கப்போய், துப்பாக்கிக் காவலாளி மிரண்டு தன் கைகளையும் தூக்கிவிட்டானாம். பின்னாலிருந்த வரிசையும் கைதூக்கி நின்றதாகக் கேள்வி. நம்புவது அவரவர் பாடு.

அவருடைய வேலை குளம் காப்பது. மீன் கிடையாது, யாரும் கால் நனைக்க முடியாது. உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் அதன் அடியில் நீலமாக மினுங்கிக்கொண்டு கிடக்கிறது. எரிந்து முடிந்ததே தவிர, ஆறி முடிந்தபாடில்லை. தண்ணீர் இறங்கக் கூடாது, பம்பு நிற்கக் கூடாது. அவர் பேரனுக்குப் பேரன் ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கழிவுக்கு யாராவது காவல் இருந்தாக வேண்டும். இருந்தும், தெரு வைத்த பெயரைப் பட்டம்போலத்தான் சுமந்தார். “ஊருக்கே வெளிச்சம் எங்க கையிலேர்ந்துதான் போகுது” என்று முடிவெட்டும் கடையில் அவர் சொன்னால், கத்தரிக்கோல்கூடச் சற்று நின்று கேட்கும்.

அதற்கு ஆப்பு வைத்தவர் சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர்; அடுத்த வீடு; குடை வியாபாரி. மொட்டைமாடியில் சோலார் பலகைகளை வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த மனிதர் மத்தியானம் கடையில் குறட்டை விடும்போதும் பலகை உழைக்கிறது. அதுதான் குளத்துக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“ராத்திரி என்ன பண்ணுவீங்க தம்பி?”

“பேட்டரி இருக்குண்ணே.”

“விடாம மழை புடிச்சா?”

“குடை விக்கும்ணே.”

இவ்வளவு வெள்ளந்தியான ஆளோடு சண்டை போடவும் வழியில்லை.

பழுதுபார்க்க நிலையத்தை மாதக்கணக்கில் மூடினார்கள். ஊரில் மின்சாரம் வருவதும் போவதுமாக ஆயிற்று. குளத்துக்காரரின் மனைவி தையல்காரி. மோட்டார் பூட்டிய தையல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

“நிலையந்தான் மூடியாச்சே. உங்க குளத்துப் பம்பு எதுல ஓடுது?” என்று கிளம்பும்போது கேட்டாள்.

“வெளியேர்ந்து கரண்டு வாங்கறோம். அது நிக்கக் கூடாதுல்ல.”

“கரண்டு குடுக்கக் கட்டின எடம் கரண்டு வாங்குதாக்கும். அந்த வீட்டுப் பலகை வேலை செய்யலேன்னா சும்மா கெடக்கும். உங்களுது சும்மா கெடக்கறதுக்கே ஆளு வேணும், தண்ணி வேணும், காவல் வேணும்.”

அன்றிலிருந்து அவள் படுக்க மட்டும்தான் வீட்டுக்கு வந்தாள். சாயங்காலங்களில் பொதுச்சுவருக்கு அப்பாலிருந்து இயந்திரத்தின் படபடப்பும், நடுவில் அவள் சிரிப்பும் கேட்டன. அந்தச் சிரிப்பு தன் வீட்டுப் பக்கம் வந்து நாளாகிவிட்டதை அவர் இருட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்தார். இயந்திரம் இனி திரும்பி வராதோ என்று பயம் வந்தது. அவளும்தான்.

மறுநாள் முதல் குளத்துக்காரர் போர்வை துவைக்க ஆரம்பித்தார். பிறந்ததிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட நனைத்தறியாதவர். துவைத்ததைத் தன் மாடியில், பக்கத்து மாடியை ஒட்டிய கொடியில் அகலமாக விரித்துப் போட்டார். ஒரு பலகையின் ஓரத்தில் நிழல் விழுந்தால் வரிசை முழுதும் சோர்ந்துபோகும் என்பது மின்சாரத்தோடு பழகியவருக்குத் தெரியாதா?

“அண்ணனுக்குச் சுத்தம் ஜாஸ்தி. பாத்துக் கத்துக்கோ” என்று சகலை தன் மனைவியிடம் மெச்சியது கொடிவரை கேட்டது. அவர் இன்னொரு போர்வையும் நனைத்தார்.

பேட்டரி பாதிகூட நிரம்பாத நாளில்தான் தையல்காரி ஒரு மருத்துவமனைக்குச் சீருடை முடித்துத் தர வேண்டியிருந்தது. இயந்திரம் முனகி நின்றது. சகலை திருதிருவென்று விழித்து, பேட்டரி கெட்டுவிட்டது என்று நொந்துகொண்டார். அவளோ மோட்டாரைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றியே தைத்து முடித்தாள்.

வீடு திரும்பியவளைப் பார்த்ததும், “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று தொடங்க வாயெடுத்தார் குளத்துக்காரர். அவள் மணிக்கட்டு கொழுக்கட்டைபோல் வீங்கியிருந்தது. தண்ணீர்ச் செம்பை இடது கையால் எடுத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்:

“போர்வை இன்னும் காயலையா?”



விடிந்து வெயில் ஏறியதும் அவர் மாடிக்குப் போனார். போர்வைகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, கொடியை இரு முனையிலும் அவிழ்த்துச் சுருட்டினார். கீழே, அடுத்த வீட்டில், மோட்டாரைத் திரும்பப் பூட்டிய இயந்திரம் தடுமாறி ஓடத் தொடங்கியது. கைப்பிடிச்சுவருக்கு அருகே நின்று, பழக்கத்தில் கால்களை அகட்டி உள்ளங்கைகளைப் பலகைகளின் பக்கம் நீட்டினார். அவருடைய நிழல், கை விரித்தபடி, ஓரத்துப் பலகையின்மேல் கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைகளை இறக்கிக்கொண்டு, ஓரடி தள்ளி நின்றார்.