வராதவர் கட்டணம்

நண்பர்கள் அவருக்குத் தராசு என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. கடைகளில் வைக்கும் எடை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுவது அவர் பிழைப்பு. ஊரார் பொருளையெல்லாம் கிராம் பிசகாமல் நிறுத்துவிடுவார். தன் பொருளுக்கு ஒரு விலை சொல் என்றால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பழைய சைக்கிளை விற்கப் போனவர், வாங்க வந்தவனுக்குப் புது பெல் வாங்கி மாட்டி, தெருமுனை வரை தள்ளியும் கொடுத்துவிட்டு வந்தார். இப்படியும் ஒரு பிறவி!

அவருடைய அக்கா ஒரு கதை விளையாட்டுக் குழு வைத்திருந்தார். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் மந்திரவாதி, திருடி, பூதம் என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டி, குகைக்குள் போய் அடி வாங்கிக்கொண்டு வருவார்கள். ஆளுக்கு ஓர் ஊரில் இருந்ததால் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வழியில்லை. தம்பிதான் மேசையைக் கணினித் திரைக்குள் செய்து கொடுத்தார். வரைபடம், காய், பகடை எல்லாம் அதிலேயே. அக்கா தோழிக்குச் சொன்னார், தோழி ஒரு பல் டாக்டருக்குச் சொன்னார், மூன்றே வருடத்தில் இரண்டாயிரம் குழுக்கள் சேர்ந்துவிட்டன. எல்லோருக்கும் இலவசம். சர்வர் வாடகை மட்டும் தராசின் சம்பளத்தில் போனது.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துபவர். விலை சொல்லக் கூச்சப்படுகிற ரகம் இல்லை.

"ஏங்க, சமையலறைக் கூரை ஒழுகுது. அதுக்குன்னு எடுத்து வச்ச பணத்தையும் உங்க பூதங்க தின்னு ஏப்பம் விட்டாச்சு. மூணு மாசம் டைம் தர்றேன். அதுக்குள்ள அந்த மேசை தன் சோத்தைத் தானே சம்பாதிக்கணும். இல்லன்னா மூடிடுங்க."

மூடுவதா? வாழ்க்கையில் தராசு ஆசைப்பட்டுச் செய்தது அந்த மேசை ஒன்றைத்தான்.

சரி, யாரிடம் வாங்குவது? கதை நடத்துபவரிடமா? அவர் பாவம், கதை எழுதி, வரைபடம் போட்டு, ஒவ்வொருவரையும் கெஞ்சிக் கூத்தாடி வரவழைக்கிறவர். தலைக்கு இவ்வளவு என்று வைத்தால், மாதம் ஒரு தடவை வருகிற நர்ஸும் வாரம் நாலு தடவை வருகிற வெட்டி ஆபீசரும் ஒரே தொகை கட்டுவதா? மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு நியாயத்தின் உச்சிக்கே ஏறிவிட்டார்: குழு முழுசாகக் கூடி விளையாடுகிற நாளுக்கு மட்டும் கட்டணம்.

முதல் மாதம் இரண்டாயிரம் குழுக்களில் முழுசாகக் கூடியவை பதினொன்று.

இந்த விளையாட்டு ஆடுகிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். எப்பேர்ப்பட்ட பூதத்தையும் கொன்றுவிடலாம். ஐந்து பேரை ஒரே நாளில் உட்கார வைக்க எந்த மந்திரமும் கிடையாது. ஒருத்தருக்கு ஜுரம், ஒருத்தருக்கு மச்சான் வீடு மாற்றுகிறார், ஒருத்தர் மறந்தே போனார்.

"அப்போ வராதவங்ககிட்ட வாங்குங்க," என்றார் மனைவி, ஒரு கண்ணாடிக்குத் திருகாணி முறுக்கியபடியே.

"அது நியாயமா?"

"நாலு பேரு காத்துக் கிடக்க, ஒருத்தர் வராம இருக்கறது மட்டும் நியாயமா?"

தராசு பழைய கட்டணத்தை எடுத்துவிட்டார். குறித்த நாளில் வராதவர் பணம் கட்ட வேண்டும் என்று அறிவித்ததுதான் தாமதம், கதை நடத்துபவர்களின் கடிதங்கள் வந்து குவிந்தன. பல் டாக்டர் எழுதியிருந்தார்: "எங்க மந்திரவாதி பதினாலு மாசமா குகையில தூங்கறார். நிஜத்துல அவர் ஒரு வீட்டு புரோக்கர். அவருக்கு மட்டும் டபுளா போடுங்க சார், உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

இரண்டாம் மாதம் பணம் கொட்டியது. வாடகை போக மிச்சம்கூட இருந்தது. தராசு கூரைக்காரரைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொன்னார்.

மூன்றாம் மாதம் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

ஒருத்தர் பாக்கியில்லை! ஜுரக்காரர் போர்வையும் கையுமாக வந்தார். மந்திரவாதி குகையிலிருந்து எழுந்து கொட்டாவி விட்டார். கூட்டம் தாங்காமல் சர்வர் திணறி, வாடகை இரண்டு மடங்கானது. வரவு பூஜ்யம்.

கெடு முடிய ஒரு வாரம் இருந்தது. தராசு பேயறைந்தவர் போல இரண்டு நாள் உட்கார்ந்திருந்துவிட்டு, மேசையை மூடப் போகிறேன், மன்னியுங்கள் என்று எல்லோருக்கும் கடிதம் அனுப்பினார். கண் கலங்கத்தான் அனுப்பினார்.

அந்தச் சனிக்கிழமை இரண்டாயிரம் மேசையிலும் ஈ காக்கை இல்லை. ஆனால் பணம் மட்டும் மளமளவென்று வந்துகொண்டே இருந்தது. பயந்துபோய்ப் பல் டாக்டருக்குப் போன் போட்டார்.

"என்னாச்சு டாக்டர்? ஒருத்தரையும் காணோமே?"

"மேசையை மூட விட்ருவோமா சார்? குழுவுக்கு ஒருத்தர் முறை வச்சு, வராம இருந்து காசு கட்டலாம்னுதான் எல்லாக் குழுவும் பேசி முடிவு பண்ணுச்சு. முதல் முறை எனக்கு, எனக்குன்னு ஒரே போட்டி. கடைசில யாருமே போகல."

"இப்ப என்ன பண்றீங்க எல்லாரும்?"

"சும்மா உக்காந்திருக்கோம் சார். தாங்க முடியல. எங்க மந்திரவாதி அழுதே விட்டார். இப்பதான் கண்ணையே முழிச்சாராம்."

பக்கத்தில் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"விலையைச் சொல்லுங்க."

தராசு மென்று விழுங்கினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"குழுவுக்கு மாசம் நாலு காபி விலை. வந்தாலும் சரி, வராட்டியும் சரி. உங்களுக்குள்ள பங்கு போட்டுக்கங்க."

பதில் வருவதற்குள் மூன்று காபி என்று இறங்குவதற்குத் தராசு வாயைத் திறந்தார். மனைவி சட்டென்று பொத்தினார்.

"அவ்வளவுதானா?" என்றார் பல் டாக்டர். "இதைக் கேக்கறதுக்கா சார் உங்களுக்கு மூணு வருஷம் ஆச்சு?"