வேங்கடாசலம் வரைகிற கேமரா

பால் ஊற்ற வந்தவர்கள் வரிசையில் நிற்கும்போதே, வேங்கடாசலம் பால் கணக்குச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு கேமராவை வரைகிறார். லென்சைக் கொஞ்சம் நீட்டுகிறார். நீட்டினால் கனக்குமே என்று நினைத்து அழிக்கிறார். அழித்த இடத்தில் குட்டையாக ஒன்றைப் போட்டுப் பார்த்து, அதுவும் பிடிக்காமல் தாளைக் கசக்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொள்கிறார். ஆந்திராவில், பலமனேரிலிருந்து காட்டுப்பக்கம் போகிற சாலையின் கடைசி ஊரில், பால் சென்டரில் அவருக்கு வேலை. வயது ஐம்பத்து நான்கு. வலது முழங்காலில் தீராத வலி. கழுத்தில் எந்நேரமும் ஒரு கேமரா தொங்கும்.

ஊரில் பயந்தாங்கொள்ளி யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட அவர் வீட்டைத்தான் காட்டும். மாடு தும்மினால் இரண்டடி பின்வாங்குகிற ஆள். அப்படிப்பட்டவர் எப்படி யானையைப் படம் எடுக்கப் போனார் என்று கேட்டால், அவர் மனைவி தனபாக்கியம் சிரிப்பாள். “பயப்படறவன்தான் தூரமா நின்னு எடுப்பான். தைரியம் கீறவன் கிட்டக்க போயி செல்பி எடுத்துக்கினு மிதிபட்டுச் சாவான்.”

பறவை பார்க்கும் ஆசையில் பத்து வருடத்துக்கு முன்னால் திருப்பதியில் வாங்கிய கேமரா அது. கையடக்கமாக இருக்கும்; ஆனால் ஏரியின் அக்கரையில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியின் கண்ணைப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டும். தக்காளித் தோட்டங்களுக்கு யானை இறங்க ஆரம்பித்த பிறகு, அந்தக் கேமரா ஊருக்கே பொது ஆகிவிட்டது. வருவது இரண்டு ஒற்றை ஆண் யானைகள். ஒன்று சாது, தின்றுவிட்டுத் தன் வழியே போய்விடும். இன்னொன்று மனிதரைக் கண்டால் திரும்பித் துரத்தும். அதன் இடது காதில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு கிழிசல். மற்றபடி இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. விடிந்ததும் வேங்கடாசலம் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிக் காதைப் படம் எடுத்துப் பார்த்து, “போலாம்” என்பார், அல்லது “வேணாம்” என்பார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பெண்கள் தக்காளி பறிக்கப் போவார்கள். பாலில் இவ்வளவு ஃபேட் என்று அவர் சொன்னால் எப்படி மறுபேச்சு கிடையாதோ, இதிலும் அப்படித்தான்.

ஆறு மாதத்துக்கு முன்னால், மழை மூட்டமான ஒரு காலையில் அவர் “போலாம்” என்றார். படத்தில் காது முழுசாக இருந்தது. சொட்டுநீர்க் குழாயைத் திறக்க முதல் ஆளாகப் போனவன் சண்முகம், தனபாக்கியத்தின் தம்பி. அங்கே நின்றது கிழிந்த காது யானை. சண்முகத்தின் இடுப்பெலும்பு போய்விட்டது. திருப்பதி ஆஸ்பத்திரியில் இரண்டு ஆபரேஷன் ஆகியும் இன்னும் படுத்த படுக்கைதான்.

ஒரு வாரம் அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார் வேங்கடாசலம். விஷயம் மெதுவாகப் புரிந்தது. அந்தக் கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சார் சுண்டுவிரல் நகமளவு. வெளிச்சம் குறைந்தால் படம் முழுக்கப் புள்ளி விழும். அந்தப் புள்ளிகளைக் கேமரா தானாகவே துடைத்து வழவழப்பாக்கும். துடைக்கிற துடைப்பில் காதின் கிழிசலையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. அந்தத் துடைப்பைக் குறைக்கலாம். முழுசாக நிறுத்த அதில் வழியில்லை. “புள்ளி இருந்தா இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுருக்கலாமில்ல? அயகா காட்றேன்னு மச்சானைப் படுக்க வெச்சிடுச்சி” என்பார். சற்று நேரம் கழித்துத் தாழ்ந்த குரலில், “கேமரா மேல பழி போட்டு இன்னா? போலாம்னு சொன்னது என் வாயி” என்பார். இப்போதெல்லாம் அவருக்கு யானையைவிடத் தன் வாயை நினைத்தால்தான் பயம்.

அன்றிலிருந்துதான் இந்தப் படம் வரைகிற பைத்தியம். பெரிய சென்சார் வைத்தால் மங்கலிலும் பொய் சொல்லாது. ஆனால் பெரிய சென்சாருக்கு அதே தூரத்தை எட்ட வேண்டுமென்றால் லென்ஸ் உலக்கைபோல் நீளும். மூன்று கிலோவுக்குக் குறையாது. எடையைக் குறைக்க லென்சை வெட்டினால், யானைக்கு நூறடி பக்கத்தில் போய் நிற்க வேண்டும். “தூரம், வெளிச்சம், எடை. மூணுல ஒண்ணை வுட்டாத்தான் மத்த ரெண்டு கெடைக்கும். எத்தை வுடறது? சொல்லு” என்று பால் ஊற்ற வந்தவர்களை மடக்குவார். போகஸ் பண்ணும்போது முன்னால் எரிகிற சிவப்பு விளக்கு கூடாது, சத்தம் கூடாது என்று இன்னும் நாலைந்து கட்டளைகள் உண்டு. ஒருநாள் மாட்டுத் தீவனத்தை மூன்று கிலோ நிறுத்துப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வாசலிலிருந்து கொட்டகை வரை ஓடிப் பார்த்தார். பாதியில் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். தெருவே சிரித்தது. திருப்பதிக் கடைக்காரர் ஒரு பெரிய கேமராவைக் காட்டி, கல்யாணப் படம் பிரமாதமாக வரும் என்று பெருமையடித்தபோது, இதைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு வேகமாக ஓடலாம் என்று கேட்டுவிட்டு வந்த மனிதர் அவர்.

போன புதன்கிழமை மறுபடியும் மூட்டம். தக்காளிக்கு அந்தப் பக்கம், வரப்போரம் ஒரு யானை நின்றது. ஒன்பது பெண்கள் தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டுகளோடு காத்திருந்தார்கள். வேங்கடாசலம் தொட்டி மேலிருந்து பதினைந்து படம் எடுத்தார். இறங்கி வந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். பறிப்புக்கு ஆள் சேர்க்கிற காஞ்சனா கேமராவை இழுத்துத் தானே பார்த்தாள்.

“காது முழுசா கீதுண்ணா. பளபளன்னு கீது. வாங்கடி போலாம்.”

“அன்னிக்கும் முழுசாத்தான் காட்டிச்சி” என்றார் அவர்.

“அப்போ அந்தக் கெட்ட யானைன்றியா?”

“அதுவும் தெரியல.”

“இன்னாண்ணா இது! தெரியலன்னு நீயே சொன்னா நாங்க எங்க போறது? இன்னிக்கிப் பறிக்கலன்னா அத்தினியும் அழுவிப்பூடும். படத்துலதான் நல்லா தெரியுதே.”

அவள் கிரேட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். மற்ற எட்டுப் பேரும் பின்னால் கிளம்பினார்கள். தோட்டத்துக்குப் போகிற தடம் இரண்டு வேலிக் கற்களுக்கு நடுவே, ஒரு ஆள் புகுகிற அகலம்தான். வேங்கடாசலம் நொண்டி நொண்டி அவர்களை முந்திக்கொண்டு ஓடினார். கற்களுக்கு நடுவில், யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

“எழுந்திருண்ணா, வயி வுடு” என்றாள் காஞ்சனா.

பின்னால் எங்கோ ஒரு கிளை முறிந்தது. அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. இரண்டு கைகளையும் விரித்து, இந்தப் பக்கத்துக் கல்லையும் அந்தப் பக்கத்துக் கல்லையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.