சைப்பிரஸுக்கு நான் விதித்த சவுக்காரத் தடை

ஓவர்ஹெட் புரொஜெக்டர் சூடேறும்போது அதிலிருந்து எழும் கருகிய தூசியின் மணத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. அப்போது நான் டேனிஷ் நகரமான ஹேர்னிங்கில் ஏழாம் வகுப்பு. ஆடைத் தொழிற்சாலையிலிருந்து வந்த அப்பா, சப்பாத்தைக் கழற்றாமலே "சண்டை முடிஞ்சுது" என்று அறிவித்த வருடம் அது. (உண்மையில் முடியவில்லை என்பது பிறகு வந்த துயரம்.) போர்நிறுத்த ஒப்பந்தம் எழுதி, யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை திறந்திருந்தார்கள். கோடை விடுமுறையில் அப்பா ஊருக்குப் போவதென்றும், புவியியலில் தேறினால் எனக்கும் விமான "ரிக்கற்", தவறினால் சில்க்போர்க்கில் சித்தி வீடு என்றும் முடிவாயிற்று.

சோதனை வாய்மொழி. மத்தியதரைக் கடலின் இரண்டு தீவு நாடுகளுக்கும் சீட்டு எழுதியிருக்கும். கையில் வருவதைப் பற்றி வகுப்பின் முன், அந்தப் புரொஜெக்டரின் அருகே நின்று பேச வேண்டும். மால்டா சிறியது, ஆகவே படிக்கவும் கொஞ்சம்தான் இருக்கும் என்ற விஞ்ஞான முடிவோடு மால்டாவை மட்டும் கரைத்துக் குடித்திருந்தேன். சைப்பிரஸ் வந்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம், அது பிரித்தானியர் ஆண்ட தீவு, பிறகு சண்டை, இப்போது வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே ஒரு கோடு. அவ்வளவுதான். ஆனால் பயந்தவனின் வாய் சும்மா இருப்பதில்லை. தெரிந்த இன்னொரு தீவிலிருந்து சரக்கை இறக்கத் தொடங்கியது. கோட்டைக் கடக்கப் "பாஸ்" வேண்டும் என்றேன். வடக்கே குளிக்கச் "சவுக்காரமும்", வானொலிக்குப் "பற்றரியும்" கொண்டுபோகத் தடை என்றேன். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் சைப்பிரஸ் மக்கள் வானொலி கேட்கிறார்கள் என்று முடித்தபோது, கடைசி வரிசைப் பையன்கள்கூடக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆசிரியை கிர்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தப் புத்தகத்தில் படித்தாய்?"

"அப்பா சொன்னார்."

"அவர் சைப்பிரஸில் இருந்தாரா?"

"இல்லை. வேறொரு தீவில்."

அவர் சிரிக்கவில்லை. "அந்தத் தீவைப் பற்றி நன்றாகச் சொன்னாய். நாளைக்கு இந்தத் தீவைப் பற்றிச் சொல்."

வீட்டில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அப்பா தேநீரைக் கீழே வைத்தார். "டேய், அந்தச் சனம் உனக்கு என்ன செய்தது? இருக்கிற துன்பம் காணாதெண்டு எங்கட சண்டைக்காலத் தடையையும் அதுகளின்ர தலையில கட்டிப்போட்டியே. புத்தகத்தை எடு. எனக்குத் தமிழில சொல்லு."

செம்பு விளைந்த மலைகளையும், துருக்கியர் ஆண்ட காலத்தையும், இரண்டாகப் பிளந்த தலைநகரையும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அப்பா கேட்டது ஒரே கேள்வி: "அங்க பாதை திறந்தாச்சோ?"

"இல்லை அப்பா. கனவருசமாப் பூட்டு."

"திறப்பாங்கள்," என்றார், சாவி தன் சட்டைப்பையில் இருப்பதுபோல. "எங்கடையே திறந்திட்டுது."

மறுநாள் தேறினேன், கோடையில் ஊருக்கும் போனேன். அடுத்த வசந்தத்தில் ஒருநாள் அப்பா தொலைக்காட்சியின் முன்னிருந்து கூப்பிட்டார். "ஓடி வா. உன்ர ஆக்கள் பாதை திறந்திட்டினம்." திரையில், பிளந்த அந்தத் தலைநகரான நிக்கோசியாவில், எல்லைக் கோட்டைக் கடக்கச் சனம் வரிசையில் நின்றது. அப்பா கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

ஊர்ப் பாதையில் அந்தக் கோடையில் நாங்கள் மணிக்கணக்காக நின்ற சோதனைச்சாவடி இன்று இல்லை. போனமுறை பேருந்து அந்த இடத்தில் வேகம்கூடக் குறைக்கவில்லை. நிக்கோசியாவில் கோடு இன்னும் இருக்கிறது. சென்ற கோடையில் மகளோடு அதைக் கடந்தேன். டேனிஷ் கடவுச்சீட்டை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, செய்யாத குற்றங்களுக்கெல்லாம் மனதுக்குள் விளக்கம் தயாரித்துக்கொண்டிருந்தேன். "அப்பா, இது வெறும் வரிசைதான்," என்று டேனிஷில் சொல்லிவிட்டு அவள் முன்னே போய்விட்டாள். காவலர் என் கடவுச்சீட்டைத் திறந்தார், மூடினார், கொட்டாவி விட்டார். ஓர் எல்லையில் நான் கண்ட மிக அழகான காட்சி அந்தக் கொட்டாவிதான்.